வலிக்குமோ என்று கேட்டார்கள்

டயருக்கு நைட்ரஜன் நிரப்பப்படும் என்று எங்கள் கடைப் பலகையில் மலையாளத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதிய நாளிலிருந்து அது எனக்கு முக்கால் பொய்யாகத்தான் படுகிறது. சும்மா கிடக்கிற காற்றிலேயே நூறில் எழுபத்தெட்டு பங்கு நைட்ரஜன்தான். ஆக்சிஜன் இருபத்தொரு பங்கு. மிச்சமிருக்கிற ஒரே ஒரு பங்கில் முக்காலே மூணுவீசத்தை ஆர்கான் எடுத்துக்கொள்ள, கரியமில வாயுவும் வாயில் நுழையாத பெயருள்ள நாலைந்தும் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நைட்ரஜன் மெஷினைக் கொண்டுவந்து மாட்டிய கம்பெனி ஆள்.

நான் அவரைச் சும்மா விடவில்லை. ஏற்கெனவே டயருக்குள் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிற சரக்கை மறுபடி வண்டிக்காரனுக்கே விற்பது என்ன வியாபாரம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இது ஈரம் போன காற்று, அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும், ரிம் துருப்பிடிக்காது என்றார். ஏலூரில் உரம் செய்வதற்கும் இதே காற்றிலிருந்துதான் நைட்ரஜன் எடுக்கிறார்கள், அங்கே போய் இப்படிக் கேட்பீர்களா இத்தா என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் அவ்வப்போது உஸ்ஸென்று சீறியது. அது என்னவென்று கேட்டேன். நைட்ரஜனை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற ஆக்சிஜன், நமக்கு வேண்டாம், வெளியே தள்ளிவிடும் என்றார். உயிர் வாழ வேண்டியதைக் கழிவென்று தள்ளுகிற மெஷின் எங்கள் கடைக்குத்தான் வந்து வாய்த்தது என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈரம் என்று கம்பெனி ஆள் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். மட்டாஞ்சேரிக் காற்றில் பாதி தண்ணீர். எங்கள் கம்ப்ரஸர் டாங்கின் அடியில் ஒரு திருகு உண்டு. மழைக்காலத்தில் காலையில் அதைத் திறந்தால் ஒரு மக் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை, எல்லாம் காற்றில் இருந்ததுதான். என் கணவர் கம்பத்துக்காரர். அங்கே ஆடிமாதம் காற்று அடித்தால் கொடியில் கிடக்கிற வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். கல்யாணம் முடிந்து இங்கே வந்த புதிதில், ஈரத் துணியை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு எப்படித்தான் இந்த ஊரில் இருக்கிறீர்களோ என்பார். எங்கள் ஊரைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஏலமும் மிளகும் சுக்கும் மணக்கிற காற்றை மூட்டை கட்டி உங்கள் கம்பத்துக்கு அனுப்பினால் வாங்க ஆள் வரும் என்பேன்.

கடை என்னைப் பெற்ற அத்தாவுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. முன்னால் ஷட்டரும் பின்னால் இந்தக் கதவும் திறந்திருந்தால் தெருக்காற்று கடை வழியாக நுழைந்து எங்கள் அடுக்களை முற்றத்துக்குப் போய்விடும். அத்தா காலத்தில் வெறும் பஞ்சர் கடைதான். அத்தா காலையில் வாயில் வைக்கிற பீடியைப் படுக்கிறபோதுதான் எடுப்பார். எங்கள் ஊரில் பீடியைக் குடிக்கிறது என்று சொல்வதில்லை. மலையாளத்தில் வலிக்குக என்பார்கள், எங்கள் வீட்டுத் தமிழிலும் அது அப்படியே வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்துவிட்டது. 'அத்தா வலிக்கிறாரு' என்றால் வாசலில் பீடியோடு நிற்கிறார் என்று அர்த்தம். நோவுக்கும் எங்களுக்கு அதே சொல்தான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கடைசி வருடத்தில் அத்தா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் பிடித்துப் பிடித்து இழுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் பெண் பார்க்க வந்த அன்றே, வலிக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொன்னேன். பீடியைக் கையால் தொட்டதில்லை என்று பதில் வந்தது. அவர் வீட்டோடு வந்து கடையை எடுத்துக்கொண்டு நாலு வருடம் ஆகிறது.

அவருக்கு மலையாளம் வராது என்று சொன்னால் கோபம் வரும். தமிழை மூக்கால் பேசினால் மலையாளம், இதில் படிக்க என்ன இருக்கிறது என்பார். லாரிக்காரர்களிடம் அவர் பேசுகிற மலையாளத்தைக் கேட்டு நான் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். டயரைப் பற்றிப் பேச எந்த பாஷையும் அதிகம் தேவையில்லை. கையைக் காட்டினால் போதும்.

போன மழைக்கு முன்னால் அவருக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றோம். பிறகு மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறினார். ஒட்டுப்போட டயரின் ரப்பரைச் சுரண்டுகிற வேலை செய்த அன்றைக்கு ராத்திரி முழுக்க நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் கேட்டது. டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று சொல்லிவிட்டு, ஒருநாள் மத்தியானம் தோப்பும்படிப் பக்கம் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போய்வந்தார். கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நெஞ்சுச் சளி, மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றார். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் அந்தச் சீட்டு இருந்தது. ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. புகைப்பவர், இரண்டு மூன்று வருடமாக, தினம் பத்துப் பதினைந்து, நிறுத்தச் சொல்லப்பட்டது.

நான் அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அத்தா இழுத்த இழுப்பு காதில் கேட்டது. டாக்டரிடம் யாராவது பொய்யாகத் தினம் பதினைந்து என்று சொல்வார்களா? நல்லவன் வேஷம் போட்டு நாலு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று தோன்றிய பிறகு அதற்கு மேல் வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றைக்குச் சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன். நான் கேட்டதும் அவர் சொன்னதும் ஒரு எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"வலிக்கிறதை ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ பயந்துக்குவ. ஒங்க அத்தா கதை தெரியாதா எனக்கு. அதான் சொல்லல."

"எத்தனை நாளா?"

"இங்க வந்து கொஞ்ச நாள்லயே லேசா உண்டு. இப்பத்தான் ஜாஸ்தி."

"நிறுத்த முடியாதா உங்களால?"

"நிறுத்தறது என் கையிலயா இருக்கு?" என்றார் அவர், கொஞ்சம் எரிச்சலாக.

கையில் இருப்பதைத்தானே நிறுத்தச் சொல்கிறேன் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். சோறு, தண்ணீர், சாவி என்று மூன்று சொல்லில் எங்கள் குடித்தனம் நடந்தது. ஆனால் தினமும் அவர் கழற்றிப் போடுகிற சட்டையை எடுத்து மோந்து பார்ப்பேன். கையை அருகில் கொண்டுவந்தால் விரலை மோந்து பார்ப்பேன். ரப்பர் வாடைதான் அடிக்கும், பஞ்சர் ஒட்டுகிற பசையின் வாடை அடிக்கும். பீடி வாடை ஒருநாளும் இல்லை. வாடை இல்லையே என்று சந்தோஷப்படவேண்டிய மூளை, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் பார் என்று சொன்னது. அவர் கடையை மூடியதும் முற்றத்துக் குழாயடியில் நின்று சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் குளித்தார். தடயத்தை அழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி அவர் இருமும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு சாத்திக்கிடந்தது. தள்ளிப்பார்த்தேன், கடைப்பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது. அத்தா காலத்திலிருந்து பகலில் அந்தக் கதவை யாரும் சாத்தியதில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படியே. இனி சந்தேகமே வேண்டாம், உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஹாயாக வலிக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஏன் சாத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேசமாட்டேன் என்றல்லவா வீம்பு பிடித்திருந்தேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் நல்ல மழை. கதவுக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. இந்த மழையில் யார் வந்து டயருக்கு நைட்ரஜன் அடிக்கப்போகிறார்கள்? கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி முன்பக்கம் போனேன். சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே நுழைந்தேன்.

உள்ளே கண் எரிந்தது. அப்போதுதான் ஒரு டயரைச் சுரண்டியிருக்கிறார், கறுப்புத் தூசி விளக்கு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. ஒட்டுப்போடுகிற சூட்டுப்பெட்டி எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் வேகிற வாடையும் பசையின் வாடையும் போக வழியில்லாமல் அறையெல்லாம் தேங்கியிருந்தன. அவர் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, அந்தச் சின்னக் குழாயின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் உஸ்ஸென்று கழிவைத் தள்ளும்போதெல்லாம் வாயைத் திறந்து இழுத்தார். கழிவென்று தள்ளுகிற ஆக்சிஜன் அது. அதற்காகத்தான் வண்டி இல்லாத நேரத்தில் மெஷினை ஓடவிட்டிருக்கிறார். கையில் பீடியும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். சொல் வரவில்லை. உதடு நீலமாக இருந்தது.

எனக்கு அப்போது கோபம், சந்தேகம் ஒன்றுமே இல்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தெருவில் நின்று கத்தினேன். எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கினார். எறணாகுளத்துக்கு விடச் சொன்னேன். தோப்பும்படிப் பாலத்தில் ஏறியதும் காயல் காற்று ஆட்டோவுக்குள் இரண்டு பக்கமும் புகுந்து என் முக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. காயலுக்கு நடுவே இருக்கிற ஐலண்டைத் தாண்டி, அக்கரையில் தேவரா வரைக்கும் அப்படித்தான். அத்தனை காற்று. தலைக்கு மேல் எத்தனையோ மைல் உயரத்துக்கு அதுதான் இருக்கிறது, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். என் தோளில் சாய்ந்திருக்கிறவரால் அதில் ஒரு வாய் எடுக்க முடியவில்லை. கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்து விழுந்து மூடியது. யா அல்லா, இவருக்குக் கொடு, இந்த ஒருதரம் கொடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் உடனே மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கைப் போட்டு மருந்துப் புகையை உள்ளே விட்டார்கள். கையில் ஊசி போட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கணவருக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவர் பக்கம் குனிந்து கேட்டாள்.

"சேட்டன் வலிக்குமோ?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பார்த்தாயா, இப்போதாவது ஒத்துக்கொண்டாரே என்று ஒரு கணம் என் மனம் பழையபடி போனது. தலையை ஆட்டிக்கொண்டே அவர் கையைத் தூக்கி விலாவின் மேல் வைத்தார். இங்கே, என்று தடவிக்காட்டினார். பிறகு முதுகுப்பக்கமும் காட்டினார்.

டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள். என் தலையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. பீடி பிடிப்பாயா என்று அவள் மலையாளத்தில் கேட்கிறாள். நோகிறதா என்று கேட்டதாக அவர் தமிழில் பதில் சொல்கிறார். இருமி இருமி விலா நோகிறது, அதைச் சொல்கிறார். தோப்பும்படி டாக்டரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார். நான் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு என்று பீற்றிக்கொள்கிற நான்தான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவள்.

பேனாவைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"எழுதாதீங்க டாக்டரே. ஆளு வலிக்கில்ல. ஆளுக்கு வேதனையாணு." தமிழும் மலையாளமுமாக உளறினேன். அவர் வலிக்கமாட்டார், அவருக்குத்தான் வலிக்கும் என்று அதற்குப் பிறகு அவளுக்கு விளங்குகிற மாதிரி சொல்லிமுடிக்க எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அவள் எழுதியதை அடித்தாள். மறுபடி முதலிலிருந்து கேட்டாள். என்ன வேலை, அறை எவ்வளவு பெரிது, தூசி வருமா, பசை என்ன பசை. ஆஸ்துமா என்றாள். சளியும் இல்லை, அத்தாவுக்கு வந்த மாதிரியும் இல்லை, மருந்தை இழுத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தால் நன்றாக வேலை செய்யலாம் என்றாள். மெஷின் குழாயில் முகத்தை வைத்த கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூச்சுக்குழல் சுருங்கிக் கிடக்கும்போது வெளியே எந்தக் காற்று இருந்து என்ன, உள்ளே போனால்தானே, நாம் இழுக்கிற ஆக்சிஜனில் பாதிக்கு மேல் விடுகிற மூச்சிலேயே மிச்சமாகத்தான் வெளியே வருகிறது என்றாள். பிறகு அந்த அறையில் காற்று போய்வர வழி உண்டா என்று கேட்டாள்.

முன்னால் ஷட்டர், பின்னால் கதவு என்றேன். இரண்டும் திறந்திருக்குமா என்றாள். முன்பு திறந்திருக்கும், மூன்று வாரமாகப் பின்கதவைச் சாத்தியிருக்கிறார் என்றேன். அதுதான், என்றாள் அவள். தூசியும் புகையும் போக வழியில்லாமல் முழுவதையும் இவர் நெஞ்சு வாங்கியிருக்கிறது, இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சாயங்காலத்துக்குள் அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாயா கேட்கிற அளவுக்குத் தேறினார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் வலிக்கிறது என்றால் பீடி என்பது, சீட்டைப் பார்த்தது, அத்தா மாதிரி ஆகிவிடுவாரோ என்று பயந்தது, பேச்சை நிறுத்தியது, எல்லாம். தோப்பும்படியில் என்ன நடந்தது என்று கேட்டேன். வலிக்குமோ என்று டாக்டர் கேட்டாராம், நல்லா வலிக்கும் சார் என்றாராம் இவர். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டாராம், பத்துப் பதினைந்து தடவை வரும் என்றாராம். "வலியை நிறுத்தணும், நிறுத்தாம மருந்து சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு சத்தம் போட்டாரு. வலியை நிறுத்தத்தானய்யா ஒன்கிட்ட வந்தேன், கிறுக்குப்பய டாக்டர்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்ததில் விலா நொந்து, கையால் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் அந்தக் கதவைக் கேட்டேன். எதற்காகத் தாழ்ப்பாள் போட்டீர்கள் என்றேன். அவர் சொல்ல யோசித்தார். சாயா டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நீ டெய்லி என் சட்டைய மோந்து மோந்து பாத்தியே. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே பாத்த. பேச்சையும் விட்டுட்ட. இந்த ரப்பர் நாத்தம் ஒனக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன். வீட்டுக்குள்ள நாத்தம் வரக்கூடாதுன்னுதான் கதவச் சாத்துனேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக அழுதேன்.